கார்டு கணக்குப்படி நான் வெளியே, ஆனா நிக்கிறது உள்ளே

நடைவண்டி:

தினமும் ரயிலுக்கு டச் கார்டுதான். நாலஞ்சு வருஷமா ஒரே கார்டு. ஓரம் கொஞ்சம் தேஞ்சிருக்கு, மத்தபடி ஒரு நாளும் தகராறு பண்ணினதில்ல. போன செவ்வாய்க்கிழமை காலையில நடந்ததை அப்படியே எழுதுறேன். விஷயம் தெரிஞ்சவங்க விளக்குங்க.

ரயிலை விட்டு இறங்கி, வெளியே போற கேட்டுக்கு வந்தேன். ஒரு கையில குடை, தோள்ல பை, இன்னொரு கையில பர்ஸ். பர்ஸைத் திறக்காம ரீடர் மேல ஒரு இழுப்பு இழுத்துட்டு நடந்தேன். தினமும் செய்யறதுதான். கேட் திறக்கல. இடுப்புல இடிச்சதுதான் மிச்சம். திரையில "மீண்டும் காட்டவும்"னு வந்துச்சு. பின்னாடி ஒருத்தர் உச்சுக்கொட்டினார். சரி, இந்த கேட் கெட்டுப்போச்சு போலன்னு பக்கத்து கேட்டுக்குப் போய் வெச்சேன். அங்க சிவப்பு விளக்கு. "நுழைவுப் பதிவு இல்லை."

கவுன்ட்டருக்குப் போனா, அங்க இருந்தவர் கார்டைத் தன் மெஷின்ல வெச்சுப் பார்த்துட்டு, "நீங்க 9:12-க்கே வெளியே போயிட்டீங்களே சார்" அப்படிங்கறார். நான் அவர் முன்னாடி நிக்கிறேன், அதுவும் உள்பக்கம்! கட்டணமும் பிடிச்சாச்சாம். "கார்டை வேற யாருக்காவது கொடுத்து அனுப்பினீங்களா?"ன்னு ஒரு கேள்வி வேற. கடைசியில புதுசா ஒரு நுழைவைப் பதிஞ்சு, குறைஞ்சபட்சக் கட்டணத்தை இன்னொரு தடவை எடுத்துக்கிட்டு, 9:31-க்கு விட்டார்.

காசு பெரிய விஷயமில்ல. காசை எடுக்கத் தெரிஞ்ச மெஷினுக்குக் கதவைத் திறக்க எப்படித் தெரியாம போச்சு? அதைத்தான் நாலு நாளா யோசிக்கிறேன்.

அரைகுறை:

பர்ஸுக்குள்ள பேங்க் கார்டும் இருந்திருக்கும். ரெண்டு கார்டும் ஒண்ணா பதில் சொல்லி ரீடரைக் குழப்பி விட்டிருக்கும். எனக்கும் நடந்திருக்கு. தனியா எடுத்து வைங்க, சரியாயிடும்.

நடைவண்டி:

பேங்க் கார்டு ஒண்ணு இருக்கு, உண்மைதான். ஆனா அது ரெண்டு வருஷமா அங்கேயேதான் இருக்கு. இத்தனை நாளா குழம்பாத ரீடர் செவ்வாய்க்கிழமை மட்டும் குழம்புமா?

கேட் மெக்கானிக்:

இந்த மாதிரி கேட்டுகளை 17 வருஷம் கழட்டி மாட்டினவன் நான். இப்ப அந்த வேலையில இல்ல, அதனால தாராளமா பேசலாம்.

முதல்ல, இது கார்டு மோதல் இல்ல. ரெண்டு கார்டு ஒண்ணா பதில் சொன்னா ரீடருக்கு அது தெரியும். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை பிட் பிட்டா, அதாவது ஒவ்வொரு சைபர்-ஒண்ணா கேட்டு ரெண்டையும் பிரிச்சுடும். பிரிக்க முடிஞ்சாலும் எதுல காசு எடுக்கணும்னு சிக்கல் இருக்கறதால, பெரும்பாலான கேட்டுகள் "ஒரு கார்டு மட்டும்"னு சொல்லி நிறுத்திக்கும். ஒரு பைசா கூட எடுக்காது. உங்க கார்டுல காசு போயிருக்கு, நுழைவுப் பதிவு அழிஞ்சிருக்கு, வெளியேறின நேரம் ஏறியிருக்கு. அப்படின்னா ரீடரும் உங்க கார்டும் கிட்டத்தட்ட முழுப் பேச்சையும் பேசி முடிச்சிருக்கு. கடைசி ஒரு வார்த்தைதான் பாக்கி.

அது என்ன வார்த்தைன்னு சொல்றதுக்கு முன்னாடி கார்டைப் பத்திக் கொஞ்சம். அதுக்குள்ள பேட்டரி கிடையாது. ஓரத்தைச் சுத்தி சில சுத்து கம்பி, அதோட முனையில எள்ளு மாதிரி ஒரு சில்லு. அவ்வளவுதான். ரீடருக்குள்ளேயும் ஒரு கம்பிச் சுருள் இருக்கு. அதுல 13.56 மெகாஹெர்ட்ஸ்ல மின்சாரம் அலைஞ்சுக்கிட்டே இருக்கும். கார்டு கிட்ட வந்ததும் அந்தக் காந்தப்புலம் கார்டோட சுருள்ல மின்சாரத்தைத் தூண்டும். 1831-ல ஃபாரடே பண்ணின சோதனையேதான், வேற மந்திரம் இல்ல. அந்த மின்சாரத்துல சில்லு உயிர் பெறும்.

பதில் சொல்றப்பவும் கார்டு எதையும் ஒலிபரப்பறதில்ல. தன் சுருள்ல சுமையை ஏத்தி இறக்குது. அந்த அசைவு ரீடரோட சுருள்ல தெரியுது. தூண்டில் போட்டவன் மீனைப் பார்க்கறதில்ல, தக்கை ஆடறதைத்தான் பார்க்கறான். அந்த மாதிரி. இதெல்லாம் அதிகம் போனா 10 செ.மீ. தூரத்துக்குத்தான். பர்ஸ் தடியா இருந்து, உள்ளே சில்லறையும் இருந்தா அது இன்னும் சுருங்கும்.

இந்தப் பேச்சு எந்த வரிசையில நடக்குதுன்னு பாருங்க. "யாரு அங்க?" "நான் இன்ன எண்." ரெண்டு பேரும் ரகசியச் சாவியை வெச்சு ஒருத்தரை ஒருத்தர் சோதிக்கறாங்க. ரீடர் மிச்சப் பணத்தைப் படிக்குது, எங்க ஏறினீங்கன்னு படிக்குது, கட்டணத்தைக் கணக்குப் போடுது. அப்புறம் புது மிச்சத்தையும் வெளியேறின பதிவையும் கார்டுக்கு அனுப்பி, "இதை எழுதிக்கோ, உறுதி பண்ணு" அப்படிங்குது. கார்டு எழுதிட்டு "எழுதிட்டேன்"னு சொல்லும். அந்த "எழுதிட்டேன்" காதுல விழுந்த பிறகுதான் ரீடர் கதவுக்கு உத்தரவு கொடுக்கும்.

உங்க கார்டு எழுதிடுச்சு. "எழுதிட்டேன்"னு சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க பர்ஸை இழுத்துட்டீங்க. புலத்தை விட்டு வெளியே போனதும் மின்சாரம் இல்ல, சில்லு செத்துப்போச்சு. எழுதினது மட்டும் அப்படியே இருக்கும், ஏன்னா அது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். எங்க பட்டறையில இதைக் "கிழிஞ்ச டிரான்சாக்‌ஷன்"னு சொல்லுவோம். இப்ப கார்டைக் கேட்டா நீங்க வெளியே. கேட்டைக் கேட்டா நீங்க உள்ளே. ரெண்டுமே பொய் சொல்லல.

"அப்போ முதல்ல கதவைத் திறந்துட்டு அப்புறம் காசை எடுக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. எடுக்கலாம். ரெண்டே நாள்ல ஊரே அந்த வித்தையைக் கத்துக்கும், கதவு திறந்ததும் கார்டை வெடுக்குன்னு இழுத்துடுவாங்க. இன்னொரு பதில் போட்டு உறுதிப்படுத்தலாமேன்னா, அந்தப் பதிலும் வழியில தொலையலாம். கணினிக்காரங்க இதை ரெண்டு தளபதிகள் சிக்கல்னு சொல்றாங்க. அந்தப் பேரை 1978-ல ஜிம் கிரே வெச்சார். தூதன் வழியில சாகலாம்ங்கற நிலைமையில ரெண்டு மலை மேல நிக்கிற ரெண்டு தளபதிகள், "நாளைக்கு விடியற்காலை தாக்கலாம்"னு சந்தேகமே இல்லாம ஒத்துக்கவே முடியாது. எத்தனை தூதன் அனுப்பினாலும் கடைசித் தூதன் போய்ச் சேர்ந்தானாங்கற சந்தேகம் இருக்கும். தீர்வே இல்லாத கணக்கு அது. உங்க கேட் அந்த மலை மேலதான் நின்னுச்சு.

தீர்வு இல்லாட்டியும் சமாளிப்பு உண்டு. உங்க தப்பும் அங்கதான் இருக்கு (கோவிச்சுக்காதீங்க). பேச்சு பாதியில அறுந்தா ரீடர் அந்தக் கார்டோட எண்ணையும் கடைசியா அனுப்பினதையும் கொஞ்ச நேரம் ஞாபகம் வெச்சிருக்கும். அதே கார்டை அதே ரீடர்ல திரும்ப வெச்சா, கார்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்த்து, "ஓ, எழுதித்தான் இருக்கே"ன்னு காசு எடுக்காம கதவைத் திறந்துடும். "மீண்டும் காட்டவும்"ங்கறதோட முழு அர்த்தம் "இங்கேயே மீண்டும் காட்டவும்". திரையில அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொல்லி நான் ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். இடமில்லைன்னுட்டாங்க.

நீங்க பக்கத்து கேட்டுக்குப் போனீங்க. அந்த ரீடருக்கு முன்கதை எதுவும் தெரியாது. கார்டைப் படிச்சா பயணம் முடிஞ்சிருக்கு. "நுழைவுப் பதிவு இல்லை"ன்னுச்சு. அது சொன்னதுலயும் தப்பில்ல. கவுன்ட்டர்க்காரர் சந்தேகப்பட்டதுலயும் பெரிய தப்பில்ல. வெளியே போனவன் கதவுக்கு மேலால கார்டை உள்ளே நீட்டி, இன்னொருத்தனை வெளியே கூட்டிட்டுப் போகப் பார்க்கறது பழைய திருட்டு. அந்தக் கார்டும் அவர் மெஷின்ல இதே மாதிரிதான் தெரியும்.

நடைவண்டி:

இப்பதான் புரியுது. ஒண்ணு மட்டும்: நான் இழுத்தது அவ்வளவு வேகமாவா?

கேட் மெக்கானிக்:

கணக்குப் போட்டுப் பாருங்க. கை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துல வீசுதுன்னு வைங்க, அது சாதாரண வீச்சுதான். ரீடருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து 20 செ.மீ. அகலத்துக்குப் புலம் இருந்தா, அதைக் கடக்க 0.2 வினாடி. பர்ஸோட கனத்துல புலம் பாதியானா 0.1 வினாடி. அதுக்குள்ளதான் மேலே சொன்ன அத்தனை பேச்சும் முடியணும். போதாததுக்கு, சில்லுக்குப் படிக்கறதைவிட எழுதறதுக்கு அதிக சக்தி வேணும். புலத்தோட ஓரத்துல படிப்பு நடக்கும், எழுத்து தடுமாறும்.

ஜப்பான்ல 2001 நவம்பர்ல சூய்காங்கற ரயில் கார்டு வந்தப்போ அதுக்குப் போட்ட நிபந்தனையே 0.2 வினாடிக்குள்ள எல்லாம் முடியணும்ங்கறதுதான். கூட்டம் அப்படி. சில்லைச் செய்யறவங்க அதைச் செஞ்சுட்டாங்க, ஆனா மனுஷன் கை நிக்கணுமே? ஷுஞ்சி யாமனாகாங்கற வடிவமைப்பாளரைக் கூப்பிட்டாங்க. அவர் மாதிரிக்குச் சில கேட்டுகள் செஞ்சு, ஆட்களை விட்டு நடக்கச் சொல்லி, கையை மட்டும் கவனிச்சார். முடிவுல ரீடர் தட்டை 13.5 டிகிரி ஆள் பக்கமா சாய்ச்சு வெச்சார். அந்தச் சாய்வைப் பார்த்ததும் கை தானா அங்க போய் ஒரு கணம் நிக்குது. ஒரு எழுத்து அறிவிப்பு இல்ல, பாட்டு இல்ல, ஒரு சாய்வு. நான் வேலை பார்த்த கேட்டுகள்ல ரீடர் பலகை மாதிரி தட்டையாத்தான் இருந்துச்சு. ஜனங்க அதுல கார்டைத் தேய்ப்பாங்க, தட்டுவாங்க, அறைவாங்க. அறையறவங்களை எனக்குப் பிடிக்கும், கண்ணாடி உடைஞ்சாலும் கார்டு அங்க நிக்கும். தேய்க்கறவங்கதான் கிழிப்பாங்க.

ஸ்டியரிங்:

நடுவுல நுழையறேன். நான் வண்டி ஓட்டறவன், சுங்கச்சாவடியில கண்ணாடியில ஒட்டின ஸ்டிக்கர் டேக். அங்கேயும் இதே மாதிரி கிழியுமா? ஒரு தடவை தடுப்புக் கட்டை தூக்கல, கொஞ்சம் பின்னாடி வாங்கன்னாங்க, திரும்பப் போனதும் தூக்கிடுச்சு.

கேட் மெக்கானிக்:

ஸ்டியரிங், பார்க்க ஒரே மாதிரி வேலை செஞ்சாலும் உங்க ஸ்டிக்கர் வேற ஜாதி. மணிக்கு 30 கி.மீ.ல வர்ற வண்டி 0.2 வினாடியில ஒண்ணரை மீட்டருக்கு மேல நகர்ந்துடும், 10 செ.மீ. புலத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதனால அங்க 860-லேர்ந்து 960 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான அலைவரிசை. நிஜமான ரேடியோ அலை. மேலே தொங்கற ஆன்டெனா அலையை வீசும், ஸ்டிக்கர் அதைத் தன் எண்ணுக்குத் தகுந்த மாதிரி பிரதிபலிக்கும். பல மீட்டர் எட்டும். அதுலயும் பேட்டரி இல்ல.

முக்கிய வித்தியாசம், ஸ்டிக்கர்ல காசு இல்ல. எண் மட்டும்தான். காசு எங்கேயோ ஒரு சர்வர்ல உங்க கணக்குல இருக்கு. ஸ்டிக்கர்ல எதையும் எழுத வேண்டாம், எழுதாத இடத்துல கிழிய என்ன இருக்கு? ஆன்டெனா அதே எண்ணைப் பல தடவை படிக்கும், மென்பொருள் அதையெல்லாம் ஒண்ணா சேர்த்துக்கும். உங்களுக்குக் கட்டை தூக்காததுக்குக் காரணம் பெரும்பாலும் முன்னாடி ஒட்டி நின்ன லாரி, இல்லாட்டி ஸ்டிக்கரோட கோணம். சில வண்டிகள்ல வெயிலுக்காக உலோகப் பூச்சுள்ள கண்ணாடி வருது, அதுக்குப் பின்னாடி ஒட்டினா சுவத்துக்குப் பின்னாடி ஒட்டின மாதிரிதான். அந்த வண்டிகள்ல கண்ணாடியில பூச்சு இல்லாத ஒரு சின்ன இடம் வெச்சிருப்பாங்க, தேடிப் பாருங்க.

ரெண்டையும் ஒரே கார்டுல முடிச்சவங்க மலேசியாக்காரங்க. 1997-லேயே டச் அண்ட் கோ கார்டு. சுங்கத்துல ஜன்னல் வழியா கையை நீட்டித் தொடலாம், அதே கார்டை ரயில் கேட்லயும் தொடலாம். நிக்காம போகணும்னு நினைக்கறவங்களுக்கு ஸ்மார்ட்டேக்னு ஒரு சின்னப் பெட்டி. கார்டை அதுக்குள்ள செருகணும், பெட்டி அகச்சிவப்புக் கதிர்ல சாவடியோட பேசும், டிவி ரிமோட் மாதிரி. பெட்டியில பேட்டரி தீர்ந்தா அவ்வளவுதான். ஆனா யோசனை அழகு: கார்டு அசையாம பெட்டிக்குள்ள உக்கார்ந்திருக்கு, கை நடுங்கற பிரச்சினையே இல்ல.

பிட்பைட்:

காசைக் கார்டுலேயே வைக்கறதுதான் இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம். சர்வர்ல வெச்சா முடிஞ்சது. அதோட கார்டுல இருக்கற காசைத் திருத்தலாம்னு எப்பவோ நிரூபிச்சுட்டாங்களே?

கேட் மெக்கானிக்:

நிரூபிச்சாங்க, உண்மை. மைஃபேர் கிளாசிக்னு ஒரு சில்லு, 1994-ல வந்தது, உலகத்துல பாதிப் பயணக் கார்டு ஒரு காலத்துல அதுதான்னு சொல்ற அளவுக்குப் பரவுச்சு. சாவி வெறும் 48 பிட். ரகசிய முறையை வெளியே சொல்லாம வெச்சிருந்தாங்க, அதுதான் பாதுகாப்புன்னு நினைச்சாங்க. 2007 டிசம்பர்ல பெர்லின்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சில்லை அடுக்கு அடுக்கா சுரண்டிப் படம் பிடிச்சு அந்த முறையைப் பெருமளவு சொல்லிட்டாங்க. 2008-ல நெதர்லாந்தோட ராட்பவுட் பல்கலைக்கழகம் முழுசா உடைச்சுக் காட்டுச்சு. சில்லு கம்பெனி என்எக்ஸ்பி அதை வெளியிடக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போச்சு, கோர்ட் வெளியிடலாம்னுடுச்சு. 2003-ல அந்தச் சில்லோட வந்த லண்டன் ஆய்ஸ்டர் பயணக் கார்டு பிறகு டெஸ்ஃபயர்ங்கற வேற சில்லுக்கு மாறிடுச்சு.

ஆனா அந்தப் பழைய சில்லை நான் முழுசா திட்டமாட்டேன். மிச்சப் பணத்தை அது மூணு தடவை எழுதி வெச்சிருக்கும் தெரியுமா? நேரா ரெண்டு தடவை, சைபரை ஒண்ணாவும் ஒண்ணைச் சைபராவும் திருப்பிப் போட்டு ஒரு தடவை. பாதியில மின்சாரம் போய் எழுத்து அரைகுறையா நின்னா மூணும் ஒத்துப்போகாது, ரீடர் உடனே கண்டுபிடிச்சுடும். திருடனை எதிர்பார்க்காதவன், கை இழுக்கறவனை எதிர்பார்த்திருக்கான்.

சர்வர்ல வைக்கற விஷயம்: இப்ப அப்படித்தான் போய்க்கிட்டிருக்கு. லண்டன்ல 2012 டிசம்பர்ல பஸ்ஸுக்கும், 2014 செப்டம்பர்ல பாதாள ரயிலுக்கும் பேங்க் கார்டையே தொடலாம்னு ஆக்கினாங்க. எங்க தொட்டீங்கன்னு கேட் குறிச்சு அனுப்பும், கட்டணத்தைச் சர்வர் பிறகு கணக்குப் போடும். கார்டுல பயணத்தை எழுதறதே இல்ல, அதனால நடைவண்டிக்கு நடந்தது அங்க நடக்காது. ஆனா தொண்ணூறுகள்ல ஓடற பஸ்ஸுக்குள்ள ஏது இணைப்பு? ரீடர் சர்வரைக் கேக்கவே முடியாது, காசு கார்டுலதான் இருந்தாகணும். திருடு போன கார்டுகளோட பட்டியலைக் கூட பஸ் டிப்போவுக்கு வந்த பிறகுதான் ஏத்த முடிஞ்சது. அன்னிக்கு உக்கார்ந்து யோசிச்சவங்களை முட்டாள்னு சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன்.

நடைவண்டி:

மெக்கானிக் அண்ணே, இன்னிக்குக் கவுன்ட்டருக்குப் போனேன். அதே ஆள்தான். நீங்க சொன்னதை வெச்சு, முதல் கேட்டோட பதிவை எடுத்துப் பாருங்கன்னேன். அது கவுன்ட்டர்ல தெரியாதாம், தலைமை அலுவலகத்துலதான் எடுக்கணுமாம். ஒரு படிவம் கொடுத்தார். கார்டு எண், தேதி, கேட் எண் எல்லாம் எழுதிட்டேன். "வெளியேறிய நேரம்"னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எதை எழுதறது? 9:12-ஆ, 9:31-ஆ?

கேட் மெக்கானிக்:

ரெண்டையும் எழுதுங்க. 9:12-க்குப் பக்கத்துல "கார்டு", 9:31-க்குப் பக்கத்துல "நான்".

கட்டம் சின்னதா இருந்தா ஓரத்துல எழுதுங்க. படிக்கறவன் எங்க பட்டறை ஆளா இருந்தா சிரிச்சுட்டுக் காசைத் திருப்பிப் போட்டுடுவான்.